சும்மா இருந்த நேரம்

“வீட்டில் சும்மா இருக்கிற நேரத்தில் பின்னியதுதானே, இதற்குப் போய் இவ்வளவு விலையா?”

1986-ல் போர்ட் பிளேர் அபர்டீன் பஜாரில் ஒரு கடைக்காரர் என்னிடம் இப்படிக் கேட்டார். அவர் கையில் இருந்தது நான் குரோஷா ஊசியால் பின்னிய வட்ட விரிப்பு. நடுவில் எட்டு இதழ்ப் பூ, சுற்றிலும் அன்னாசிப்பழ வடிவில் பதினாறு கட்டம், விளிம்பில் பொடிப்பொடியாக முத்து. அப்போது நான் பள்ளிக்கூடத்தில் கைவேலை டீச்சர். வேலை முடிந்து வந்து, சோறு வடித்து, பிள்ளைகளைத் தூங்கவைத்த பிறகு உட்கார்ந்து இருபத்திரண்டு ராத்திரியில் முடித்தேன். நூல் விலைக்கு மேல் பத்து ரூபாய் தருவதாகச் சொன்னார். நான் அதைத் திரும்ப வாங்கி, மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். இன்றைக்கும் அது என் வீட்டில் வேதப்புத்தகத்துக்கு அடியில் விரிந்து கிடக்கிறது.

பத்து ரூபாய் மறந்துபோயிற்று. அந்தச் ‘சும்மா’ மறக்கவில்லை. கைவேலையைப் பற்றி அதன்பிறகு எங்கே எதைப் படித்தாலும், யாரிடம் கேட்டாலும், என் மனதில் ஒரே கேள்விதான்: இதைச் செய்த பெண்ணின் நேரம் யாருடையதாக இருந்தது?

எங்கள் வீட்டில் குரோஷா ஊசியைக் கொண்டுவந்தவள் அம்மா. 1956-ல் கல்யாணமான மூன்றாம் மாதம், அப்பாவுக்குக் கப்பல் பட்டறையில் வேலை கிடைத்ததென்று மெட்ராசில் அந்தமான் கப்பல் ஏறினாள். திருநெல்வேலிச் சீமையில் இடையன்குடிக்குப் பக்கத்துத் தேரிக்காட்டு ஊர் அவளுக்கு. கடலைத் தொலைவில் பார்த்திருக்கிறாள், அதன்மேல் நான்கு நாள் இருந்ததில்லை. வாந்திக்கும் மயக்கத்துக்கும் நடுவில் கீழ்த்தளத்துப் படுக்கையில் சாய்ந்தபடி ஒரு தலையணை உறைக்கு ஓரம் பின்னியதாகச் சொல்வாள். ஆடுகிற கப்பலில் எப்படி அம்மா என்று கேட்டால், “ஊசியும் சேர்ந்துதான ஆடுது, ஏட்டி” என்பாள்.

அவள் எனக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது நூலைப் பிடிக்கும் விதம். இடது கை ஆள்காட்டி விரலில் நூலை ஒரு சுற்றுச் சுற்றி, மற்ற மூன்று விரலுக்குள் தளர விடவேண்டும். “இழுத்துப் பிடிக்காத, அதுக்கு வலிக்கும்” என்பாள். ஊசி முனையில் ஒரு சின்னக் கொக்கி. நூலில் ஒரு கண்ணி. கண்ணிக்குள் கொக்கியை விட்டு நூலை இழுத்தால் அடுத்த கண்ணி. இப்படி இழுத்துக்கொண்டே போனால் செயின். செயினை வளைத்து மூட்டினால் வட்டம். ஊசியில் நூலை ஒருமுறை, இருமுறை சுற்றி அந்த வட்டத்துக்குள் விட்டு எடுத்தால் கம்பம் கம்பமாக எழும். விஷயம் இவ்வளவுதான். மிச்சமெல்லாம் எண்ணிக்கை.

குரோஷாவைப் பற்றி நான் பெரிதாக நினைக்கும் ஒன்றை இங்கே சொல்லவேண்டும். ஸ்வெட்டர் பின்னும்போது ஒரு கம்பியில் நூறு கண்ணி கூட நிற்கும். கம்பி உருவினால் அத்தனையும் நழுவும். குரோஷாவில் பெரும்பாலும் ஒரே ஒரு கண்ணிதான் திறந்திருக்கும். அடுப்பில் பால் பொங்கினால் அந்தக் கண்ணியில் ஒரு ஊக்கைக் குத்திவிட்டு எழுந்துவிடலாம். குழந்தை அழுதால், கதவைத் தட்டினால், குழாயில் தண்ணீர் வந்தால் எழுந்து போய், இரண்டு நாள் கழித்து வந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். துண்டு துண்டாக உடைந்த நேரத்துக்கென்றே ஏற்பட்ட வேலை அது. பெண்களுக்கு வாய்த்த நேரமே அப்படிப்பட்டதுதான். இன்னொன்று, நெசவுக்கும் பின்னலுக்கும் மிஷின் வந்துவிட்டது. அசல் குரோஷாவைக் கடைச் சரக்காகப் போட்டுத்தரும் மிஷின் இன்றுவரை இல்லை. எந்த ஊர்க் கடையில் குரோஷாப் பூ ஒன்றைப் பார்த்தாலும், எங்கோ ஒரு கை அதைப் போட்டிருக்கிறது.

ஆச்சி, அதாவது அம்மாவின் அம்மா, பின்னியது குரோஷா இல்லை. திண்டு லேஸ். உருண்டையான திண்டின்மேல் குத்துப்புள்ளி வைத்த தாளைப் பொருத்தி, புள்ளிக்கு ஒரு குண்டூசி குத்தி, சிறு மரக்கட்டைகளில் சுற்றிய நூலை ஒன்றன்மேல் ஒன்று மாற்றிப்போட்டு முறுக்கி எடுக்கும் வேலை. கட்டைகள் கடகடவென்று மோதும் சத்தத்தை அம்மா நாக்கைத் தட்டிச் செய்துகாட்டுவாள். திண்டை நகர்த்த முடியாது. நடுவில் எழுந்தால் நூல் குழம்பும். அந்தத் திண்டு கடல் தாண்டி வரவில்லை. மடியில் முடிந்துகொண்டு வரமுடிந்த ஊசி வந்தது.

அந்தத் திண்டு லேஸின் கதை நாகர்கோவிலில் தொடங்குகிறது. 1819-ல் லண்டன் மிஷனைச் சேர்ந்த சார்லஸ் மால்ட்டும் அவர் மனைவி மார்த்தாவும் அங்கே வந்தார்கள். பெண்பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியில் எழுத்தும் கணக்கும் சொல்லிக்கொடுத்த மார்த்தா மால்ட், 1820களில் லேஸ் பின்னவும் பழக்கினார். அப்போதைய திருவிதாங்கூரில் மனிதரை நிலத்தோடு சேர்த்து விற்பதும் வாங்குவதும் சட்டப்படி செல்லும். அங்கே அடிமைத்தனம் ஒழிந்தது 1855-ல்தான். அதற்கு முந்தைய ஆண்டுகளில், அடிமைப் பெற்றோருக்குப் பிறந்த பெண்கள் சிலர் லேஸ் பின்னிச் சேர்த்த காசைக் கொடுத்துத் தங்களை மீட்டுக்கொண்டார்கள்.

இதைப் படித்த நாளில் புத்தகத்தை மூடிவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். விரலளவு அகலமுள்ள வெள்ளை நூல் ஓரம் ஒன்று ஒரு மனுஷியின் விலைக்கு ஈடாக நின்றிருக்கிறது. வெள்ளைக்காரச் சீமாட்டிகளின் கைக்குட்டையிலும் கழுத்துப்பட்டையிலும் போய் ஒட்டிக்கொண்ட ஓரம். அதை வாங்கியவர்களில் எத்தனை பேருக்கு அது தெரிந்திருக்கும்? அதே நாட்டில், அதே ஆண்டுகளில், மார்பை மறைத்து உடுத்தும் உரிமைக்காகப் பெண்கள் அடிபட்டார்கள். தோள்சீலைக் கலகம் என்று நாம் பள்ளியில் படித்தது. மிஷன் பெண்கள் தைத்துக் கொடுத்த குப்பாயம் என்ற ரவிக்கையைப் போட்டுக்கொண்டதற்காகச் சந்தையில் துணி கிழிக்கப்பட்டவர்கள் உண்டு. 1859-ல்தான் அரசாணை வந்தது. ஆக, என் ஆச்சிகளுக்கு ஊசியும் நூலும் அலங்காரத்துக்காக வரவில்லை. ஒன்று மானத்துக்கு, மற்றொன்று மீட்சிக்கு.

மால்ட் தம்பதியின் மகள் எலைசா. 1844-ல் ராபர்ட் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்கு வந்தார். கால்டுவெல்லை ஒப்பிலக்கணத்துக்காகத் தமிழ்நாடே அறியும். எலைசாவை எங்கள் ஊர்ப் பெண்களின் விரல்கள் அறியும். நாகர்கோவிலில் பிறந்து வளர்ந்த அந்த அம்மையார் தாயிடம் கற்ற வேலையை அந்தத் தேரிக்காட்டுக்குக் கொண்டுவந்து பெண்கள் பள்ளியும் லேஸ் பள்ளியும் வைத்தார். பனையேறிக் குடும்பங்களின் பெண்கள் திண்டின் முன் உட்கார்ந்தார்கள். நூறு வருடம் கழித்து ஆச்சியும் அதே வரிசையில்தான் உட்கார்ந்திருந்தாள்.

அந்தக் காலத்தில் உலகத்தின் இன்னொரு மூலையில் கொக்கி ஊசியே உயிர் காத்தது. 1845-ல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் அயர்லாந்து பட்டினி கிடந்தபோது, கன்னிமடங்களும் பாதிரியார்களின் மனைவிமாரும் ஏழைப் பெண்களுக்குக் குரோஷா சொல்லிக்கொடுத்தார்கள். திண்டு லேஸைவிடச் சீக்கிரம் கைவரும், முதலீடும் ஒரு ஊசிதான். வீட்டு வாடகையும், நாட்டைவிட்டுப் போகக் கப்பல் கட்டணமும் அதிலிருந்து வந்தன.

நம் பக்கத்தில் குரோஷா தொழிலாகவே வேர்விட்ட இடம் கோதாவரிக் கரையின் நர்சாபூர். அங்கேயும் மிஷனரிகள் தொடக்கிவைத்ததுதான். அந்தப் பெண்களைப் பற்றி ஜெர்மானிய ஆய்வாளர் மரியா மீஸ் 1982-ல் ஒரு புத்தகம் எழுதினார். வீட்டு வேலை எல்லாம் முடித்து, அதற்கும் மேலே நாளுக்கு ஆறு முதல் எட்டு மணி நேரம் பின்னியவர்கள் அவர்கள். அவர்கள் சரக்கு கப்பலேறி வெளிநாடு போயிற்று, கூலி மட்டும் காசுகளில் நின்றது. காரணம், அவர்களைத் தொழிலாளி என்று யாரும் எண்ணவில்லை. ஓய்வு நேரத்தில் வீட்டிலிருந்து பின்னும் இல்லத்தரசிகள் என்றே வைத்திருந்தார்கள். அபர்டீன் பஜார் கடைக்காரர் சொன்ன அதே ‘சும்மா’. நர்சாபூர் குரோஷாவுக்கு 2024-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. எனக்கு அது சொந்த வீட்டு விசேஷம் போல இருந்தது.

இனி, நான் பிறந்து வளர்ந்த இந்தத் தீவுகளுக்கு வருகிறேன்.

1858 மார்ச் 10-ல் 200 கைதிகளோடு வாக்கர் என்ற அதிகாரி இங்கே இறங்கினார். அதற்கு எத்தனையோ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இங்கே நூல் வேலை தெரிந்த கைகள் இருந்தன. பெருந்தீவின் அந்தமானியர் மரப்பட்டையையும் கொடியையும் சீவி, நாரெடுத்து, தொடையில் வைத்துத் திரித்து, ஆமை பிடிக்கும் வலையும் பொருள் போட்டுத் தூக்கும் வலைப்பையும் செய்தார்கள். 1870களில் இங்கே அதிகாரியாக இருந்த இ. எச். மேன் அவற்றையெல்லாம் சேகரித்தார். அந்தமானியரின் பொருட்கள் இன்று ஆக்ஸ்போர்டில் பிட் ரிவர்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஆட்கள்? 1901 கணக்கெடுப்பில் பெருந்தீவு அந்தமானியர் 625 பேர். 1961-ல் 19 பேர். வந்திறங்கியவர்களின் நோய்களும் துப்பாக்கியும் செய்த வேலை. நம்முடைய மானிடவியல் அருங்காட்சியகத்துக்கு மாணவிகளை அழைத்துப் போகும்போதெல்லாம் அந்தக் கயிற்றின் முறுக்கைப் பார்க்கச் சொல்வேன். தொடங்கிய இடத்திலிருந்து முடிந்த இடம்வரை ஒரே சீர்.

கைதிகள் காலத்தில் கைவேலை என்பதே தண்டனை. செல்லுலார் சிறைக்குப் போனவர்கள் செக்கைப் பார்த்திருப்பீர்கள்: நாளுக்கு 30 பவுண்டு தேங்காய் எண்ணெய். அது இல்லாவிட்டால் மட்டையை அடித்து நாரெடுத்துக் கயிறு திரிக்கவேண்டும், அதற்கும் நிறைக்கணக்கு. உள்ளங்கை தோல் உரிந்து இரத்தம் கசிந்ததை அங்கே இருந்த அரசியல் கைதிகள் எழுதிவைத்தார்கள். பெண் கைதிகள் எதையும் எழுதிவைக்கவில்லை. அவர்களை சவுத் பாயிண்டில் தனிச் சிறையில் வைத்திருந்தார்கள். அங்கே அவர்கள் நூல் நூற்றார்கள், தறியில் உட்கார்ந்தார்கள். கைதிகள் உடுத்திய துணி அவர்கள் நெய்தது. சில வருடம் கழித்து, நன்னடத்தையுள்ள ஆண் கைதி ஒருவர் வந்து, வரிசையில் நிற்கும் பெண்களில் ஒருத்தியை மணம் பேசி அழைத்துப் போகலாம். சிறையிலிருந்து வெளியே வர அவர்களில் பெரும்பாலோருக்கு இருந்த வழி அது.

எங்கள் தெருவில் ஒரு சாச்சி இருந்தார். லோக்கல் பார்ன் குடும்பம், கைதிகளின் வம்சம். நான் திண்ணையில் குரோஷா போடுவதைப் பார்த்துவிட்டு அவர் ஒருநாள் ஹிந்துஸ்தானியில் சொன்னார்: “எங்கள் நானி கண்ணில் நூல் பட்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வாராம். கல்யாணமாகி வெளியே வந்த பிறகு சாகும்வரை ஒரு பொத்தான் தைக்கவில்லை.” ஒருத்திக்கு விடுதலை வாங்கித்தந்த நூல் இன்னொருத்திக்குத் தொடவே ஆகாத பொருள். நூலில் எந்த வித்தியாசமும் இல்லை.

நிக்கோபாரில் கதை வேறு. அங்கே கைவேலைக்குத் தீவுக்குத் தீவு முறை இருந்தது. பானை சௌராவில் மட்டுமே செய்யலாம். களிமண் தெரெசா தீவிலிருந்து தோணியில் வரும். சௌராப் பெண்கள் சக்கரம் இல்லாமல் கையாலேயே வனைந்து சுடுவார்கள். வேறு தீவில் யாராவது பானை செய்தால் கேடு வரும் என்று எல்லாரும் நம்பினார்கள். யாரும் எஜமானர் இல்லை, தவணையும் இல்லை. ஒரு தீவின் நேரம் மற்றத் தீவுகளின் அடுப்பை எரித்தது. மாயாபந்தர் பக்கம் வெபியில் 1925 முதல் குடியிருக்கும் கரேன் பெண்கள் தறியை இடுப்பில் கட்டி நெய்த தோள்பை, கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகளாக வந்தவர்களின் காந்தா மெத்தை, இவையெல்லாம் எங்கள் பள்ளிக் கண்காட்சிக்கு வரும். கந்தல் புடவையை ஏழடுக்காக வைத்துத் தைத்த காந்தா ஒன்றை மாணவி ஒருத்தி கொண்டுவந்தபோது, அதன் ஒரு ஓரத்துத் தையலின் நூல், புடவைக் கரையிலிருந்தே உருவிய நூல் என்பதைக் கண்டுபிடித்தேன். அகதி முகாமில் நூல் வாங்கக் காசு ஏது?

எங்களுக்கும் நூல் எளிதில் கிடைத்ததில்லை. எல்லாம் கப்பலில் வரவேண்டும். விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்களிடம் அம்மா பழைய நூலின் ஒரு துண்டைத் தாளில் ஒட்டிக் கொடுத்துவிடுவாள், நிறம் மாறிவிடக் கூடாதென்று. ஆங்கர் நூல் உருண்டை ஹர்ஷவர்த்தனா கப்பலில் வந்து ஹாடோ துறையில் இறங்கும். தாமிரபரணி அருவியின் வேகத்தைக் கொண்டு பாபநாசத்தில் ஹார்வி சகோதரர்கள் தொடங்கிய ஆலை, பிறகு தூத்துக்குடி, மதுரை என்று பெருகி, 1974-ல் ஸ்காட்லாந்தின் கோட்ஸோடு சேர்ந்து மதுரா கோட்ஸ் ஆனது. ஆங்கர் அந்தக் கம்பெனியின் நூல். சொந்த ஊர்த் தண்ணீரில் சுழன்ற ஆலை என்று அம்மாவுக்கு அந்த உருண்டைமேல் தனிப் பிரியம். இங்கே வருடத்தில் எட்டு மாதம் மழை. ஊசி துருப்பிடிக்கும், நூலில் பூசணம் பூக்கும். பால்பவுடர் டின்னில் ஒரு கைப்பிடி வறுத்த அரிசி போட்டு அதன்மேல் நூலை வைத்து மூடுவாள். வெள்ளை நூல் பழுப்படையாமல் ஒரு மழைக்காலம் தாங்கும்.

எழுபதுகளிலும் எண்பதுகளிலும் குவார்ட்டர்ஸ் வராந்தாக்களில் ஒயர் கூடை பரவியது. சாதா முடிச்சு, சிவன் கண், நெல்லிக்காய், பிஸ்கட் என்று ஒவ்வொருத்திக்கும் ஒன்று கைவந்திருக்கும். டிவி வந்ததும் அதற்குக் குரோஷா உறை. சிப்பி ஒட்டிய நிலைக்கண்ணாடி, சோழி வைத்த பேனா ஸ்டாண்ட். அந்த மாலைகளை நான் நன்றாக நினைத்துப் பார்க்கிறேன். யாரும் கூலி தரவில்லை, யாரும் தவணை கேட்கவில்லை. முடிச்சுத் தெரிந்தவள் தெரியாதவளுக்குச் சொல்லித்தந்தாள். என் குடும்பத்தில் மூன்று தலைமுறையாகப் பின்னியதில், தனக்குப் பிடித்ததைத் தனக்காகப் பின்னிய முதல் தலைமுறை நாங்கள்தான். இதைத்தான் பொழுதுபோக்கு என்று சொல்கிறோம். எனக்கு அந்தச் சொல் மிகவும் சிறியதாகப் படுகிறது.

சிப்பி வேலையை மட்டும் விட்டுவிட்டோம். 2001-ல் பல வகைச் சங்குகளும் பவளமும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் வந்தன. சரியான முடிவு. கரையில் நாங்கள் சின்ன வயதில் அள்ளிய அளவுக்கு இப்போது இல்லை என்பதை என் கண்ணே பார்த்தது.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நடந்த ஒன்றைச் சொல்லவேண்டும். நிக்கோபாரின் கச்சால் தீவில் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், காணாமல் போனார்கள். அங்கே ரப்பர் தோட்டத்தில் வேலை செய்தவர்களில் இலங்கையிலிருந்து திரும்பிவந்த தமிழ்க் குடும்பங்களும் இருந்தன. போர்ட் பிளேரில் ஒரு பள்ளிக்கூட முகாமில் அவர்களையும் நிக்கோபாரிகளையும் வைத்திருந்தார்கள். நான் இரண்டு டஜன் ஊசியும் நூலும் எடுத்துக்கொண்டு போனேன். யாருக்கும் தொட மனமில்லை. ஒரு தமிழ்ப் பெண் வாங்கி, இருபது செயின் போட்டு, அவிழ்த்து, மறுபடி போட்டு, அவிழ்த்துக்கொண்டிருந்தாள். “என்னம்மா பின்னப்போற?” என்று கேட்டேன். “ஒண்ணுமில்லக்கா. நேரம் போகணும்” என்றாள். அவளிடம் இருந்ததெல்லாம் நேரம் மட்டும்தான். அதுவும் அவளுக்கு வேண்டாததாக இருந்தது.

நாலாவது நாள், வயதான நிக்கோபாரி அம்மா ஒருவர் நிவாரணப் பெட்டிகளைக் கட்டிவந்த பிளாஸ்டிக் பட்டைகளைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்தார். ஊரில் தாழை ஓலையில் பாய் முடைந்த கை. ஓலைக்குப் பதில் நீலமும் வெள்ளையுமான பட்டை. வழுக்கியது, பல்லால் கடித்து மடித்தார். அடிப்பாகம் சதுரமாக எழும்பியதும் அந்தத் தமிழ்ப் பெண் ஊசியைக் கீழே வைத்துவிட்டு நகர்ந்து போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். “இது நம்ம ஒயர் கூடை மாதிரில்ல இருக்கு” என்று என்னிடம் சொல்லிவிட்டு, பட்டையின் அடுத்த முனையைப் பிடித்துக்கொண்டாள். அந்த அம்மா தலை நிமிராமல் அவள் விரலை மெல்லத் தட்டினார், இழுத்துப் பிடிக்காதே என்பதுபோல. இருவருக்கும் பொதுவாக ஒரு வார்த்தை இல்லை. சாயங்காலத்துக்குள் கூடை முடிந்தது.

இப்போது நிக்கோபார் பாய்க்கும் புவிசார் குறியீடு வந்திருக்கிறது. என்னிடம் வரும் பெண்பிள்ளைகள் யூடியூப் பார்த்து அமிகுருமி பொம்மைகள் பின்னுகிறார்கள். ஆமையும் டால்பினும் சுற்றுலாக்காரர்களுக்குப் பிடிக்கிறதாம். போன மாதம் ஒருத்தி, “டீச்சர், இதுக்கு என்ன விலை வைக்கட்டும்?” என்று கேட்டாள். நூல் எவ்வளவு என்று அவள் கணக்குப் போடத் தொடங்கினாள். நிறுத்தச் சொல்லி, ஒரு தாளைக் கொடுத்து, முதலில் எத்தனை மணி நேரம் உட்கார்ந்தாய் என்று எழுது என்றேன். யோசித்து யோசித்துப் பதினொன்றரை என்று எழுதினாள். எழுதியதை அவளே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த நீலவெள்ளைக் கூடை என்னிடம்தான் இருக்கிறது. முகாமைக் காலி செய்த அன்று அந்த அம்மா என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அம்மாவின் ஊசி அதற்குள் இருக்கிறது, கொக்கி தேய்ந்து மழுங்கிவிட்டது. அம்மா பாதியில் விட்டுப்போன மேசைவிரிப்பை அதே ஊசியால் தொடர்ந்துகொண்டிருக்கிறேன். என் கண்ணிகள் அவளுடையதைவிடக் கொஞ்சம் இறுக்கம். உற்றுப் பார்த்தால் எந்த வரியில் கை மாறியது என்று தெரியும். இந்த மாதத்தில் இங்கே ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும். வெளிச்சம் போவதற்குள் இன்னும் இரண்டு வரி போடலாம்.